ராகிக் கதிரிலிருந்து மதுரைப் பாதம் வரை
(எம்.ஜே. திருமலாச்சாரின் ஆராய்ச்சி வாழ்க்கை)

நம்மவர்களில் பெரிய விஞ்ஞானிகள் யார் யார் என்று பேச்சு வந்தால் கணிதத்துக்கு ராமானுஜன், பௌதிகத்துக்கு ஸர் சி.வி. ராமன், வானியலுக்கு சந்திரசேகர் என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவோம். தாவரவியலுக்கு யார் என்று கேட்டால் சபை மௌனமாகிவிடும். அதிலும் பூஞ்சாணம் பற்றிய படிப்பு என்றால் கேட்கவே வேண்டாம். ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூத்தால் மேலாக வழித்து எறிவதோடு நமக்கும் அதற்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது.

அந்தப் பூசணத்தையே வாழ்நாள் முழுதும் படித்த ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். மண்டயம் ஜீர்ஸந்நிதி திருமலாச்சார். 1914-இல் பிறந்து 1999-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மறைந்தவர். பெயரில் மண்டயமும் ஸந்நிதியும் இருப்பதைப் பார்த்தவுடனேயே அன்பர்கள் பூர்வீகத்தை ஊகித்திருப்பீர்கள். ராகிப் பயிர், உருளைக்கிழங்கு, தென்னை, மனிதனின் வாய், மனிதனின் பாதம் என்று ஒன்றுக்கொன்று ஸம்பந்தமில்லாதது போலத் தோன்றும் இடங்களிலெல்லாம் அவருடைய ஆராய்ச்சி சென்றிருக்கிறது. பயிர் நோயில் தொடங்கி மனித நோய்க்கு மருந்து கண்டு, மறுபடியும் பயிருக்கே திரும்பி வந்தார். பி.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு மத்திய அரசுப் பணியில் ஊர் ஊராக மாறிய எனக்கு, அந்தப் பட்டத்தின் மீது மறுபடி மதிப்பு வரச் செய்தவர் அவர்.

கரிப்பூட்டையும் துருவும்

1940-களில் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் தாவரவியல் துறையில் இருந்தபடி திருமலாச்சார் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். அவருடைய முதல் ஈடுபாடு துரு நோய், கரிப்பூட்டை நோய் ஆகியவற்றை உண்டாக்கும் பூஞ்சாணங்களில். விவசாயக் குடும்பத்து அன்பர்களுக்கு இவை தெரிந்திருக்கும். துரு நோய் வந்தால் இலையில் இரும்புத் துரு போலப் புள்ளிகள் தோன்றும். கரிப்பூட்டை வந்தால் தானியம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொடி இருக்கும். இந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு விதைக்கு ஸமானம். அது எப்படி முளைக்கிறது, எந்தச் செடியில் தங்குகிறது என்று பார்த்துத்தான் இனம் பிரிக்க வேண்டும்.

இந்தத் துறையில் அப்போது நம் நாட்டில் முன்னணியில் இருந்தவர் பி.பி. முண்ட்கூர். 1947-இல் இந்தியப் பயிர் நோயியல் சங்கத்தை நிறுவியவர். தாம் கண்ட ஒரு புதிய கரிப்பூட்டைப் பேரினத்துக்கு 1944-இல் திருமலாச்சார் 'முண்ட்கூரெல்லா' என்று அவர் பெயரையே வைத்தார். பிறகு இருவரும் சேர்ந்து இந்தியாவின் கரிப்பூட்டைப் பூஞ்சாணங்கள் அனைத்தையும் தொகுத்து எழுதிய நூல் 1952-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் முண்ட்கூர் காலமானார். இடையில் திருமலாச்சார் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் டிக்ஸனுடன் சேர்ந்து புல்வகைகளின் கரிப்பூட்டையைப் பற்றி ஆராய்ந்து வந்திருந்தார்.

1953-இல் வெளிவந்த ஒரு கட்டுரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மைசூர்ப் பக்கத்து ராகியில் ஒரு நோய் உண்டு. கதிர் தானியமாக முற்றாமல் இலை இலையாகக் கிளம்பித் துடைப்பம் போல ஆகிவிடும். இதை உண்டாக்கும் கிருமியை அதுவரை 'ஸ்க்ளெரோஸ்போரா' என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். திருமலாச்சார், சார்லஸ் ஷா, நரஸிம்மன் ஆகிய மூவரும் அது இலையின் மேல் விடும் வித்துக்களைக் கவனித்தபோது, அவை உருளைக்கிழங்கின் இலைக்கருகலையும் பாக்கின் கொளெ ரோகத்தையும் உண்டாக்கும் 'ஃபைட்டோஃப்தோரா'வின் சாயலில் இருந்தன. இலைக்குள் தங்கும் கெட்டியான வித்துக்களோ பழைய இனத்தின் சாயலில் இருந்தன. ஆகவே இரண்டு பெயர்களையும் இணைத்து 'ஸ்க்ளெரோஃப்தோரா' என்ற புதிய பேரினத்தை அமைத்தார்கள். இன்றைய வகைப்பாட்டில் இந்தக் கிருமிகளைப் பூஞ்சாணத்திலிருந்து பிரித்துத் தனிக் கூட்டமாக வைக்கிறார்கள் என்றாலும், அந்தப் பேரினப் பெயர் மாறவில்லை. அமெரிக்காவில் மக்காச்சோளக் கதிரைக் கோணல் மாணலாக்கும் நோய்க்கும் அதே கிருமிதான் காரணம்.

பெயர் மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். கிருமியின் உறவுமுறை தெரிந்தால்தான் அது எந்த நிலைமையில் பரவும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று ஊகிக்க முடியும். கோத்திரம் தெரிந்தால் ஸம்பந்தம் பேசுவது எளிது என்பது போலத்தான் இதுவும்.

பீஹாரில் அழுகிய கிழங்கு

1949-இல் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பாட்னாவில் தொடங்கப்பட்டது (1956-இல் அது சிம்லாவுக்குப் போயிற்று). திருமலாச்சார் உருளைக்கிழங்கு நோய்களில் வேலை செய்த காலம் அது. பீஹார் சமவெளியில் கிழங்குகள் கரிய நிறமாகி அழுகும் நோய் ஒன்று பெரும் நஷ்டம் தந்தது. 1955-இல் வெளியான அவருடைய கட்டுரை, அந்த நோயைச் சாகுபடி முறையோடு சேர்த்து ஆராய்கிறது. கோடை நெருங்கும்போது மண் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் மண்ணில் இருக்கும் பூஞ்சாணம் கிழங்கைத் தாக்குகிறது. நீர் பாய்ச்சி மண்ணைக் குளிர்ச்சியாக வைத்திருந்தாலோ, சூடு ஏறுவதற்கு முன் தோண்டி எடுத்துவிட்டாலோ நஷ்டம் குறையும். மருந்துக் கடைக்கே போக வேண்டாத வைத்தியம்! அரசுப் பணியில் பாட்னாவில் மூன்று வருஷம் இருந்த எனக்கு, பங்குனியில் அந்த ஊர் மண் எப்படிக் கொதிக்கும் என்பது நன்றாகத் தெரியும்.

மண்ணின் சூடு, ஈரம், அதில் வாழும் மற்ற உயிர்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் அவரை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு சென்றது என்று நான் நினைக்கிறேன்.

பிம்ப்ரி மண்

சுதந்திர இந்தியாவுக்குப் பென்ஸிலின் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. உலக ஸுகாதார நிறுவனம், யுனிஸெஃப் ஆகியவற்றின் உதவியோடு புனேவுக்கு அருகில் பிம்ப்ரியில் 1954-இல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் தோன்றியது. 1955-இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. மற்றவர் கண்டுபிடித்ததைத் தயாரிப்பதோடு நில்லாமல், நம் மண்ணிலேயே புதிய மருந்துகள் இருக்கின்றனவா என்று தேட அங்கே ஓர் ஆராய்ச்சிப் பிரிவும் இருந்தது. திருமலாச்சார் அதில் சேர்ந்து பின்னர் அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

பயிர் நோய்க்காரருக்கு மருந்துத் தொழிற்சாலையில் என்ன வேலை? இந்தக் கேள்விக்குச் சரித்திரமே பதில் சொல்கிறது. காச நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைஸின் 1943-இல் கிடைத்தது அமெரிக்காவில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் மண் நுண்ணுயிர்ப் பிரிவில், ஸெல்மன் வாக்ஸ்மனின் கூடத்தில். நம் எல்லப்ரகட சுப்பாராவ் ஆராய்ச்சித் தலைவராக இருந்த லெடர்லி நிறுவனத்தில் ஆரியோமைஸினைக் கண்டு 1948-இல் அறிவித்த பெஞ்சமின் டக்கர், ஸர்வகலாசாலையிலிருந்து ஓய்வு பெற்று எழுபது வயதைத் தாண்டிய தாவர நோய் அறிஞர். மண்ணில் உயிர்கள் ஒன்றையொன்று எதிர்த்து வெளிவிடும் ரஸாயனங்களே ஆன்டிபயாடிக்குகள். மண்ணோடு பழகியவர்களுக்கே அவை முதலில் கண்ணில் பட்டன.

1955-இல் 'நேச்சர்' பத்திரிகையில் திருமலாச்சார் ஒரு புதிய நுண்ணுயிர்ப் பேரினத்தை அறிவித்தார். ஸ்ட்ரெப்டோமைஸின் தரும் கூட்டத்தைச் சேர்ந்த அந்த உயிர், கெட்டியான சிறு முடிச்சுக்களை உண்டாக்கியது. பயிர்ப் பூஞ்சாணங்களில் இத்தகைய முடிச்சுக்கள் ஸர்வ சாதாரணம். வறட்சியைத் தாங்கி மண்ணில் கிடக்க அவை உதவும். அந்தக் கண்ணோடு பார்த்ததால்தான் பாக்டீரியா வகையில் அப்படி ஒன்று இருப்பது எவ்வளவு விசேஷம் என்று அவருக்குப் புலப்பட்டது. பென்ஸிலினுக்காக நோபல் பரிசு பெற்ற எர்ன்ஸ்ட் செயினின் பெயரால் அதற்கு 'செயினியா' என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அதை ஸ்ட்ரெப்டோமைஸிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

ஹாமைஸின்

பென்ஸிலினும் ஸ்ட்ரெப்டோமைஸினும் பாக்டீரியாவைத்தான் கொல்லும். பூஞ்சாணத்தை அவை ஒன்றும் செய்யா. சொல்லப் போனால், அவற்றைத் தாராளமாகக் கொடுக்கும்போது பாக்டீரியா ஒழிந்த இடத்தில் பூஞ்சாணம் குடியேறும். குழந்தைகளுக்கு நாக்கில் மாவு படிந்தது போல வெண்மை காண்கிறதே, அதுவும் இந்த வகைதான். ஆகவே ஆன்டிபயாடிக் தொழிற்சாலைக்கே பூஞ்சாண மருந்து தேவைப்பட்டது!

1961-இல் திருமலாச்சாரும் சகாக்களும் பிம்ப்ரி மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 'ஹாமைஸின்' என்ற மருந்தை அறிவித்தார்கள். நுண்ணுயிரின் பெயர் ஸ்ட்ரெப்டோமைஸிஸ் பிம்ப்ரினா. ஊரின் பெயர் உயிருக்கு, நிறுவனத்தின் முதலெழுத்துக்கள் மருந்துக்கு. இது 'பாலீன்' வகை மருந்து. பூஞ்சாணத்தின் உடல் அறைச் சுவரை ஒட்டிய மெல்லிய ஜவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் உண்டு. இந்த மருந்து அதைப் பற்றிக்கொண்டு ஜவ்வில் துளை போடும். உள்ளே இருப்பது ஒழுகிப் பூஞ்சாணம் சாகும். பாக்டீரியாவில் பொதுவாக அந்தப் பொருள் இல்லை. நம் உடலில் அதற்குப் பதிலாகக் கொலஸ்டெரால் இருக்கிறது. இரண்டும் ஒன்றுவிட்ட ஸகோதரர்கள் என்பதால் மருந்து நம்மையும் ஓரளவு படுத்தும். இந்த வகை மருந்துகளின் சங்கடமே அதுதான்.

வாய்ப்புண், பெண்களுக்கு வரும் பூஞ்சாணத் தொற்று ஆகியவற்றுக்கு ஹாமைஸின் நம் நாட்டில் மேல்பூச்சாகப் பயன்பட்டது. உடலின் உள்ளே பரவும் கடுமையான பூஞ்சாண நோய்களுக்கு அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கொடுத்துப் பார்த்து 1968-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்திய அரசுத் தொழிற்சாலையில் பிறந்த ஒரு மருந்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பரீட்சிக்கப்பட்டது அந்நாளில் சின்ன விஷயம் இல்லை. ஆனால் உலகச் சந்தையில் அது நிலைக்கவில்லை. அதே வகையைச் சேர்ந்த ஆம்ஃபோடெரிஸின் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தது. பின்னால் வேறு வகை மாத்திரைகளும் வந்துவிட்டன.

மதுரைப் பாதம்

1842-இல் மதுரையில் இருந்த கில் என்ற ஆங்கில டாக்டர் ஒரு விசித்திரமான கால் நோயைப் பற்றி எழுதினார். செருப்பில்லாமல் வயலில் நடக்கும் குடியானவர்களுக்கு முள் குத்திய இடத்தில் ஆரம்பித்து, பாதம் வீங்கி, பல இடங்களில் புரையோடி, கடுகு போன்ற மணிகளை வெளித்தள்ளும். பல வருஷங்கள் இழுத்துக் கடைசியில் காலையே எடுக்க நேரிடும். 'மதுரைப் பாதம்' என்றே உலகம் அதை அழைத்தது. பம்பாயில் இருந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர், பிரசித்தி பெற்ற கிரேயின் உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்த அதே கார்ட்டர், இதற்குப் பூஞ்சாணம் காரணம் என்று 1860-களை ஒட்டி எடுத்துக் காட்டினார். பின்னர் அந்தப் பூஞ்சாணத்தின் பெயரிலும் மதுரை ஏறிவிட்டது: 'மதுரெல்லா'.

நோயாளியின் காலில் இருக்கும் பூஞ்சாணம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்துதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டுவது வேறு விஷயம். ஒரு பிடி மண்ணில் எத்தனையோ வகைப் பூஞ்சாணங்கள் இருக்கும். வேகமாக வளர்பவை மெதுவாக வளர்வதை மூடிவிடும். 1968-இல் திருமலாச்சாரும் ஏ.ஏ. பாத்யேயும் இந்திய மண்ணிலிருந்து மதுரெல்லாவைப் பிரித்தெடுத்ததாக வெளியிட்டார்கள். அது பயிர் நோய்க்காரரின் கேள்வி. நோயாளியைத் தாண்டி, அவன் நின்ற வயலைப் பார்க்கும் கேள்வி. உலக ஸுகாதார நிறுவனம் இந்த நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்ப மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-இல்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தஞ்சைத் தென்னைக்கு வந்த மருந்து

1964-இல் பிம்ப்ரியிலிருந்து இன்னொரு பாலீன் மருந்து வந்தது. பெயர் ஆரியோஃபங்கின். செடி இதை உறிஞ்சித் தன்னுள் எடுத்துச் செல்லும் என்பது இதன் விசேஷம். பூஞ்சாணத்தின் ஜவ்வு மனித உடலில் இருந்தாலும் மரத்தில் இருந்தாலும் ஒன்றுதானே! நெற்பயிரின் குலை நோய், எலுமிச்சை இனத்தில் பிசின் வடியும் நோய் முதலியவற்றுக்கு இதைப் பயன்படுத்தினார்கள்.

எங்களுக்குப் பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சிறு தென்னந்தோப்பு இருந்தது. 1952-இல், அந்த வருஷத்துப் புயலுக்குப் பிறகு, தஞ்சை ஜில்லாவில் முதலில் கவனத்துக்கு வந்த நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர். கனோடெர்மா என்ற பூஞ்சாணம் வேரை அழுக்கும். அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடியும். மட்டைகள் தொங்கி, குரும்பை உதிர்ந்து, மரம் மொட்டையாகிவிடும். 1983-இல் எங்கள் தோப்பில் இது கண்டது. லீவில் நான் போயிருந்தபோது விவசாயத் துறை அலுவலர் வந்து, பென்ஸில் கனத்தில் உயிருள்ள ஒரு வேரைத் தேடிச் சாய்வாக வெட்டச் சொன்னார். 2 கிராம் ஆரியோஃபங்கின் கரைசல்தூள், 1 கிராம் மயில்துத்தம், 100 மில்லி தண்ணீர். இதைப் பாலிதீன் பையில் ஊற்றி வேர் நுனியை அதில் முக்கிக் கட்டிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்ய வேண்டும். அடியில் வேப்பம் பிண்ணாக்கும் போடச் சொன்னார். மறுநாள் காலை பை காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவது போல இருக்கிறதே என்றார் என் தகப்பனார். முற்றிய மரங்களை வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. நோய் அப்போதுதான் தொட்டிருந்த மரங்களில் பல பிழைத்து, அவர் காலத்துக்குப் பிறகும் காய்த்தன.

அந்த மருந்துப் பொட்டலத்தில் பிம்ப்ரி என்று ஊர்ப் பெயர் பார்த்தேன். சில வருஷங்களுக்குப் பின் புனேவுக்கு மாற்றலானபோது, நூலகத்தில் அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சஞ்சிகையைப் புரட்டினேன். ஹாமைஸின், டெர்மோஸ்டாடின், ஆரியோஃபங்கின், அமீபாவை எதிர்க்கும் ஆன்டியமீபின் (1968) என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்த கட்டுரைகளில் திருமலாச்சார் என்ற பெயர் திரும்பத் திரும்ப இருந்தது. படிக்கும் காலத்தில் கரிப்பூட்டைப் பாடத்தில் பார்த்த அதே பெயர்! அதற்குள் அவர் இந்தியாவை விட்டுப் போயிருந்தார். பனாரஸிலும் மினஸோட்டாவிலும் கற்பித்த அவர், கலிபோர்னியாவில் ஜீர்ஸந்நிதி-ஆண்டர்ஸன் என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை இணைந்து நிறுவினார். ஸந்நிதியின் பெயர் கடல் கடந்தும் கூடவே போயிற்று.

இன்று ஏன் நினைக்க வேண்டும்?

2021-ஆம் வருஷம் கோவிட்டோடு வந்த கறுப்புப் பூஞ்சை நோயை யாரும் மறந்திருக்க முடியாது. ஆம்ஃபோடெரிஸின் ஊசிக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. ஹாமைஸினின் தாயாதி மருந்து அது. அந்த வகை மருந்துகளைத் தன் மண்ணிலேயே தேடி எடுத்த நாடு, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதற்காகத் தவித்தது. ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1990-களிலேயே நலிந்த நிறுவனமாகிவிட்டிருந்தது.

வயலும் ஆஸ்பத்திரியும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதற்கு வேறொரு பக்கமும் இருக்கிறது. பயிருக்குத் தெளிக்கும் 'அஸோல்' வகை மருந்துகளால், அதே வகை மாத்திரைக்குக் கட்டுப்படாத பூஞ்சாணங்கள் மனித நுரையீரலுக்கு வருவதை நெதர்லாந்தில் கண்டார்கள். 2012-இல் தில்லி ஆராய்ச்சியாளர்களும் இங்கே அத்தகைய பூஞ்சாணங்கள் இருப்பதை அறிவித்தார்கள். காச நோய்க்கான ஸ்ட்ரெப்டோமைஸினைப் பயிரில் தெளிப்பதை 2024 ஜனவரி முதல் நம் அரசு தடை செய்தது இதே கவலையால்தான். எந்த மருந்தை மனிதனுக்கு வைத்துக்கொள்வது, எதைப் பயிருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க இரண்டையும் அறிந்தவர்கள் வேண்டும். முப்பத்தைந்து வருஷ அரசுப் பணியில் நான் பார்த்த வரையில், விவசாயக் கோப்பும் ஸுகாதாரக் கோப்பும் ஒரே மேஜையில் சந்திப்பது மிக அபூர்வம். திருமலாச்சாரின் மேஜையில் அவை தினமும் சந்தித்தன.

நம் வீடுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இன்ஜினீயரிங், இல்லாவிட்டால் மருத்துவம், அதுவும் இல்லாவிட்டால் ஸி.ஏ. என்று மூன்றே வாசல்கள்தாம் திறந்திருக்கின்றன. தாவரவியலோ விவசாயமோ நுண்ணுயிரியலோ எடுக்கிறேன் என்று பேத்தியோ பேரனோ சொன்னால், அதில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பதற்கு முன் இந்தக் கதையைச் சொல்லலாம். ராகிக் கதிரை உற்றுப் பார்க்கத் தெரிந்த ஒருவரால் குழந்தையின் வாய்க்கும், குடியானவரின் காலுக்கும், எங்கள் தென்னை மரத்துக்கும் ஏதோ செய்ய முடிந்தது.